பல்கேரியாவில் பத்து நாள்

கனிசியஸ் பனியில் சறுக்கப் போவதென்று முடிவெடுத்தார். பாசையூரில் பிறந்து, மீன்பெட்டிக்குள் போடும் ஐஸைத் தவிர வேறு குளிரைத் தொட்டறியாத மனிதர். இரண்டு பலகையைக் காலில் கட்டிக்கொண்டு மலை உச்சியிலிருந்து கீழே வரவேண்டுமாம். அதுவும் பல்கேரியாவில். அந்த நாடு எந்தப் பக்கம் இருக்கிறதென்று யாராவது கேட்டிருந்தால், மண்டைதீவுக்கு அங்காலை என்றுதான் சொல்லியிருப்பார்.

எண்பத்தாறாம் ஆண்டு அது. கடலில் கடற்படை நின்றது. கரையில் வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன. கடலுக்குப் போக முடியாத ஆம்பிளைக்கு வீட்டில் ஒரேயொரு தொழில்தான் மிச்சம்: மனைவியின் கண்ணில் படாமல் இருப்பது. கடலை விட அது கஷ்டமான தொழில்.

யோசனை பட்டினத்தில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி நடத்திய வின்சன்ற்றுடையது.

"அண்ணை, ஜேர்மனிக்கு எண்டு விசா கேட்டால் சிரிப்பாங்கள். பல்கேரியாவுக்குப் பனிச்சறுக்கு விளையாட எண்டால் தருவாங்கள். அங்கை போய் இறங்குங்கோ. அங்கையிருந்து ஜேர்மனிக்கு ஏத்திற அலுவலை எங்கடை பெடியள் பாப்பாங்கள்."

"உந்த விளையாட்டு சுவிசிலையெல்லோ?"

"சுவிசிலை பனிக்கும் காசு கேப்பாங்கள். பல்கேரியாவிலை பனி அரசாங்கத்தின்ரை. பத்து நாள் சாப்பாடு, படுக்கை, பலகை எல்லாம் சேத்து ஒரே விலை. நல்ல மலிவு. உங்கடை வள்ளத்து எஞ்சினை வித்தால் போய்ச் சேரலாம்."

"திரும்பி வர?"

வின்சன்ற் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "திரும்பி வரவோ அண்ணை போறியள்?"

சிக்கல் அங்கேதான் இருந்தது. அடுத்த வீட்டுச் செபஸ்தியம்மாவின் புருசன் ஜேர்மனிக்குப் போய் வருசக்கணக்காகிவிட்டது. மாதமொருமுறை கசெற்றில் பேசி அனுப்புவான். அவனுடைய கடைசி மகன் ரேப் ரெக்கோடரைத்தான் அப்பா என்று கூப்பிடுகிறான். அதைப் பார்த்த நாளிலேயே கனிசியசின் மனைவி பெர்னடெட் அவருக்குச் சொல்லிவிட்டாள்: "நான் உங்களைக் கசெற்றிலை கேட்டுக்கொண்டு இருக்க மாட்டன். போறதெண்டால் பிள்ளையளோடை எல்லாரும் போவம். இல்லாட்டி ஒருத்தரும் வேண்டாம்."

கனிசியசுக்கு மனைவியில் அன்பில்லாமல் இல்லை. போய் உழைத்து, பிறகு அவளையும் இரண்டு மகள்மாரையும் கூப்பிடலாம் என்று நினைத்தார். அடுத்த வீட்டுக்காரனும் அப்படித்தான் நினைத்துப் போனவன். உண்மையைச் சொல்லி அவள் அழுவதைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆகவே பொய்யைச் சொல்லத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டார்.

"இஞ்சேரப்பா, ஒரு பத்து நாள் பல்கேரியாவுக்குப் போட்டு வரலாமெண்டு யோசிக்கிறன்."

பெர்னடெட் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அங்கை என்ன?"

"பனியிலை சறுக்கிறது. வேலையுமில்லை, மனமும் விட்டுப்போச்சு. விலையும் மலிவாம்."

"பத்து நாளோ?"

"பத்தே பத்து நாள்."

"இஞ்சை சும்மா குந்தியிருக்கிறதுக்கு அங்கை போய் வழுக்கி விழலாம். போட்டு வாங்கோவன்."

கேள்வி வந்தால் சொல்வதற்கென்று அவர் கட்டி வைத்திருந்த நியாயங்கள் எல்லாம் வீணாகிப் போயின. வீட்டில் எதிர்ப்பில்லாமல் ஒரு காரியம் நடந்தால் புருசன்மார் பயப்பட வேண்டும். கனிசியஸ் சந்தோசப்பட்டார்.

ஆனால் குற்ற உணர்ச்சி சும்மா இருக்க விடுமா? அடுத்த நாள் காலையில் ஏணியைச் சாத்திக் கூரையில் ஏறினார். மூன்று மாரி ஒழுகிய கூரை. அவள் கெஞ்சியும் பார்த்தாள், பேசியும் பார்த்தாள், அப்போதெல்லாம் அவருக்கு முதுகு வலித்தது. இப்போது அவராகவே தென்னோலைக் கிடுகு வாங்கி, அவராகவே கூரை மேய்ந்தார். கீழே நின்று பெர்னடெட் சொன்னாள்: "அப்பிடியே உந்த வேலியையும் ஒருக்கா அடைச்சுவிட்டால் நல்லது." "அதுக்கென்ன," என்றார். விறகும் கொத்திப்போட்டார். விட்டிருந்தால் ஆட்டுக்கும் கல்யாணம் பேசி முடித்திருப்பார்.

பின்னேரங்களில் பயிற்சி. விமான நிலையத்தில் கேள்வி கேட்டால் சறுக்குகிற ஆள் மாதிரி நிற்க வேண்டும் என்று வின்சன்ற் சொல்லியிருந்தான். கூரைக்கு வாங்கியதில் மிஞ்சிய பனஞ்சிலாகைச் சட்டம் இரண்டைக் காலில் கட்டிக்கொண்டு முற்றத்து மணலில் நின்றார். பனைக்கும் பனிக்கும் எழுத்தில் பெரிய வித்தியாசமில்லை. காலில் கட்டினால்தான் தெரியும். வின்சன்ற் கொடுத்த விளம்பரப் படத்தைப் பிடித்துக்கொண்டு பெர்னடெட் பக்கத்தில் நின்றாள்.

"முழங்காலை இன்னும் மடக்குங்கோ. படத்திலை இருக்கிறவன் சிரிக்கிறான். நீங்கள் திருக்கை முள்ளு ஏறின மாதிரி நிக்கிறியள்."

விசாவுக்கென்று கொழும்புக்குப் போன பாஸ்போட் திரும்பவில்லை. கூரை பாதியில் நின்றது. விசா வருமோ என்ற சந்தேகம் வந்ததும் முதுகு வலியும் திரும்பி வந்தது. கனிசியஸ் ஏணியடியில் உட்கார்ந்தார். பெர்னடெட் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"விசா கிடைக்க வேணுமெண்டு ஒரு நேர்த்தி வைக்கட்டே?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளையா ஏமாற்றுகிறோம் என்று உள்ளே குத்தியது. "வை. என்னவெண்டாலும் வை."

"நிறைவேத்திறது நீங்கள். பிறகு மாட்டனெண்டக் கூடாது."

"ஆண்டவரோடை ஆர் விளையாடுறது?"

அடுத்த கிழமையே விசா வந்தது. நன்றியும் வெட்கமுமாக ஏறி மிச்சக் கூரையையும் மேய்ந்து முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், பிரசங்கம் முடித்த சுவாமியார் அறிவித்தார். மன்றாட்டுக் கிடைத்ததற்கு நன்றியாக, பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் கனிசியஸ் பெரிய சிலுவையைச் சுமப்பார். கோயில் முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. கனிசியஸ் பீடத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து படலையைச் சாத்தியதும் கேட்டார்.

"பெரிய வெள்ளியோ நேர்ந்தனி?"

"ஓம். ஏன்?"

"நான் போறது அதுக்கு இரண்டு கிழமை முந்தியெல்லோ."

"பத்து நாளிலை வந்திடுவியள்தானே. களை ஆறவும் நாள் கிடக்கு."

"பிளேன் பிந்தினால்?"

"ஆண்டவருக்கு நேர்ந்த ஆளைப் பிளேன் பிந்தி ஏத்தாது."

"என்ரை தம்பி தூக்கினால் என்ன?"

"விசா தம்பிக்கோ வந்தது?" பெர்னடெட் அவரை நேரே பார்த்தாள். "இல்லை, வராமல் விடுற எண்ணமோ?"

"சீச்சீ."

வின்சன்ற்றிடம் ஓடினார். பெரிய வெள்ளி கழியப் போகலாமோ என்று கேட்டார்.

"அதுக்குள்ளை பனி உருகிடும் அண்ணை. தண்ணியிலை சறுக்க ஆர் விசா தாறது?"

கடற்கரையில் கவிழ்ந்து கிடந்த தன் வள்ளத்தில் போய் இருந்தார். கடற்படைக்குப் பயப்படாமல் வலை வீசியிருக்கிறார். ஆனால் நேர்த்திக்கடனைத் தீர்க்காமல் அவர் வள்ளம் தள்ளியதில்லை, அவருடைய தகப்பனும் தள்ளியதில்லை. ஊரே கேட்டிருக்க ஒப்புக்கொண்ட நேர்த்தி. விட்டுவிட்டுப் போனால் ஜேர்மனியில் விழுகிற ஒவ்வொரு இடியும் தன் தலைக்கென்றுதான் தோன்றும். போக முடியாது. அதை உணர்ந்தபோது துக்கம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது ஆறுதல். மகள்மார் வளர்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். அந்த நினைப்பில் கொஞ்ச நேரம் அழுதார்.

எஞ்சின் விற்கப்படவில்லை. பறக்க வேண்டிய நாளில் அவர் கிழிந்த வலையைப் பொத்தினார்.

பெரிய வெள்ளியன்று சிலுவையைச் சுமந்தார். பின்னேரம் பெர்னடெட் அவருடைய தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். இனியும் மறைக்க அவரால் முடியவில்லை.

"இஞ்சேர், நான் போயிருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டன். ஜேர்மனிக்குப் போகத்தான் நினைச்சனான்."

"தெரியும்."

"எப்ப?"

"நீங்கள் கூரையிலை ஏறின அண்டைக்கு. பத்து நாளுக்குப் போற மனுசன் பத்து வருசத்துக்குக் கூரை மேயுமே? குசினிக்குள்ளை போய் இருந்து நல்லா அழுதனான். பிறகு முகத்தைக் கழுவிப்போட்டு யோசிச்சன்."

கனிசியஸ் திரும்பிப் பார்த்தார். "அப்ப விசா கிடைக்கக் கூடாதெண்டெல்லோ நேர்ந்திருக்க வேணும். ஏன் கிடைக்க வேணுமெண்டு நேர்ந்தனி?"

பெர்னடெட் எண்ணெய்ப் போத்தலை மூடினாள்.

"விசா வராட்டில் கூரையைப் பாதியிலை விட்டிட்டு இறங்கியிருப்பியள்."