உருளி கிடைத்த விவரம்

குலசேகரம்,
2ஆம் தேதி தொடங்கி 11ஆம் தேதி முடித்தது.

கர்த்தருக்குள் அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் திரு. நேசமணி அவர்களுக்கு, தங்கள் தங்கை லீலாபாயின் கணவன் யேசுதாசன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் லீலாபாயும் ஒன்பது கோழிகளும் தேவகிருபையால் சுகம். லீலாபாய்க்கு மட்டும் கண்ணில் புரை எடுத்திருக்கிறது. இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி கண்ணாடி கொடுக்கும்வரை ஒரு எழுத்தும் வாசிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுபோல் தாங்களும் மதினியும் மயிலாடியில் சுகமாக இருப்பீர்கள் என்று இருபத்தெட்டு வருடமாக, விசாரிக்காமலேயே, நம்பிக்கொண்டிருக்கிறேன்.

மச்சான், இந்தக் கடிதத்தை எழுதுவது நான். நான் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. இது ரப்பர் பால் வெட்டின கை. எழுபத்துமூன்று வயதில் எழுத்துப் படித்தேன். சாயங்காலம் தொடக்கப்பள்ளியில் இந்துஜா டீச்சர் முதியோர்களுக்கு வகுப்பு எடுத்தாள். பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். பெஞ்சு உயரம் போதாமல் முட்டுவலி வந்து மூன்று பேர் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. பரீட்சை எழுதி, சான்றிதழில் இருந்த என் பெயரை டீச்சருக்கு நானே வாசித்துக் காட்டினேன். இப்போது பஸ்ஸில் போனால் இறங்கும் இடம் வந்துவிடுமோ என்று வருத்தமாக இருக்கிறது, அவ்வளவு போர்டுகள் இருக்கின்றன. எழுதுவதுதான் கொஞ்சம் மெதுவு. ஒரு நாளைக்கு அரைப் பக்கத்துக்கு மேல் விரல் மடங்காது. ஆதலால் இந்தக் கடிதம் ஓரிடத்தில் சந்தோஷமாகவும் ஓரிடத்தில் கோபமாகவும் இருந்தால், அது வேறு வேறு நாள் என்று எடுத்துக்கொள்ளவும்.

தாங்கள் அனுப்பிய பேத்தி பிரீனாவின் கல்யாணக் காகிதம் கிடைத்தது. என் ஆயுளில் நானே வாசித்த முதல் கல்யாணக் காகிதம் அது. கடைசியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரைக்கூட விடவில்லை. இருபத்துநான்காம் தேதி காலை பத்தரை மணி. லீலாபாய் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிரீனா என்கிற இடத்தில் நிறுத்தி, "பிள்ளைக்கு கல்யாண வயசு ஆயிற்றா?" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்க உருளி வராம நான் அந்த வீட்டுப் படி சவுட்ட மாட்டேன்" என்றாள்.

உருளி விஷயம் தங்களுக்குத் தெரியாதது அல்ல. ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த வெண்கல உருளி. அதன் காதுக்குக் கீழே 'த. லீலாபாய்' என்று பெயர் வெட்டியது தாங்கள். கல்லறைக் கல்லும் அஸ்திவாரக் கல்லும் வெட்டுகிற உளியை வைத்துவிட்டு, தங்கைக்காகச் சின்ன உளி ஒன்றை இரவல் வாங்கி, மூன்று நாள் இருந்து வெட்டினீர்களாம். அந்த உருளி 97இல் தங்கள் மகள் கல்யாணத்துக்குப் பாயசம் வைக்க வந்தது. கல்யாணம் கழிந்து கரியும் புகையுமாய் ஓர் உருளியை என் தலையில் ஏற்றிவிட்டீர்கள். லீலாபாய் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது என்னுடையது இல்லை, இது கனம் குறைவு, அண்ணன் மாற்றிவிட்டார் என்று சம்பந்தக்காரர்கள் முன்னால் பந்தலில் வைத்துச் சொன்னாள். தாங்களும் அவளைச் சில வார்த்தை சொன்னீர்கள். நான் உருளியைத் தலையில் வைத்துக்கொண்டே நின்றேன். எனக்குக் கனமாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் அதைத் தேய்த்துக் கழுவினாள். எழுத்துத் தெரிந்தது. "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன். அவள் சற்று நேரம் பார்த்தாள். "த. நேசமணிண்ணு எழுதியிருக்கு. அண்ணனுக்க உருளியாக்கும்" என்றாள். பிறகு அதைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினாள். இருபத்தேழு வருடம் அதில் ஒரு நாள்கூடக் கஞ்சி வைத்ததில்லை. அவ்வளவு ரோஷம். போன ஆகஸ்டில் எங்கள் வகுப்பு ய, ர, ல, வ வரிசைக்கு வந்த வாரம், பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று அதை ஆக்கர்காரனிடம் பழைய இரும்போடு போட்டுவிட்டாள். தங்கள் உருளியை அப்படிச் செய்ததற்கு அவள் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் மீதியையும் படித்துவிட்டு மன்னிக்கவும்.

நேற்று இவ்வளவும் எழுதிவிட்டுக் கோழி அடைக்கப் போனேன். கோழியிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் கோழிக்கூட்டுக்கு நாற்பது வருடமாக ஓர் எனாமல் பலகைதான் கதவு. மார்த்தாண்டத்தில் பழைய கடை ஒன்றை இடித்தபோது எடுத்துவந்தேன். எழுத்துப் படித்த பிறகு ஒரு நாள் அதன் முன்னால் குந்தியிருந்து வாசித்தேன். 'பொன்முத்துப் பற்பொடி. பல் உள்ளவரை சிரிக்கலாம்' என்று எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டாமல், நிறுத்தாமல் வாசித்த முதல் முழு வாக்கியம் அது. எனக்கு இரண்டு பல்தான் மிச்சம், கோழிகளுக்கு அதுவும் இல்லை. ஆனாலும் தினமும் காலையில் கூட்டைத் திறக்கும்போது சத்தமாக வாசிப்பேன். கோழிகள் கேட்டுவிட்டுத்தான் வெளியே போகும்.

போன மாதம் பிரைட்டன் என்று ஒரு பையன் குட்டியானை வண்டியில் வந்தான். களியக்காவிளையில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறான். பழைய சாமான் என்றால் ஆக்கர் இல்லை. ஆக்கரைத் தேய்த்து விளக்குப் போட்டு வைத்தால் அவன் கடை. அவனைக் கண்டதும் லீலாபாய் கண்ணுக்கு மருந்து விடும் நேரம் என்று உள்ளே போய்விட்டாள். அப்போது கண்ணில் ஆபரேஷன்கூட ஆகவில்லை. அவன் கோழிக்கூட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"பாட்டா, இந்தப் பலகய தாரீரா?"

"கோழிக்கு கதவு வேண்டாமா?"

"கோழிக்கு நான் தேக்குல கதவு செஞ்சு தாறேன். எழுத்து உள்ள சாதனத்துக்கு இப்ப மவுசு ஜாஸ்தி. ரிசார்ட்டுக்காரன் பாத்தா விட மாட்டான்."

"எழுத்து உள்ளதுனாலதான் நானும் விட மாட்டேன்."

"ஒருக்கா கடைக்கு வந்து பாரும் பாட்டா, பொறவு சொல்லும்" என்று சீட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். சீட்டில் கடை விலாசம் இருந்தது. விலாசத்தை வாசித்துப் போய்ச் சேர எனக்குப் பெரிய ஆசை. கல்யாணக் காகிதம் வந்த நாலாம் நாள், பல்வலி என்று லீலாபாயிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மச்சான், அந்தக் கடையைத் தாங்கள் பார்க்க வேண்டும். நாம் எறிந்தது எல்லாம் அங்கே ஏசி போட்டுக்கொண்டு இருக்கிறது. அம்மிக்குக் கண்ணாடிப் பெட்டி. காலொடிந்த பெஞ்சுக்கு ஒரு மஞ்சள் விளக்கு. வெற்றிலை துப்புகிற கோளாம்பியில் தோவாளைப் பூவை அடுக்கி வைத்திருக்கிறான். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, சீட்டில் தமிழிலும் எழுத்து. நான் ஒன்று விடாமல் சத்தமாக வாசித்துக்கொண்டே போனேன். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு புது மாப்பிள்ளையும் பெண்ணும் வந்திருந்தார்கள். அந்தப் பெண் நீல விளிம்பு போட்ட வெள்ளை எனாமல் பாத்திரம் ஒன்றை மூடியோடு மார்பில் அணைத்து வைத்திருந்தாள். சீட்டில் 'துரை வீட்டு சூப் பாத்திரம்' என்று இருந்தது. என் அம்மா மிஷன் பங்களாவில் வேலை செய்தவள் என்பது தங்களுக்குத் தெரியும். தினமும் காலையில் துரைசானி கட்டிலுக்கு அடியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு போய்க் கழுவுகிற வேலை அவளுக்குத்தான். நான் அந்தப் பெண்ணிடம், "மோளே, இது சூப்புக்கு உள்ளதில்ல" என்று தொடங்கி, எதற்கு உள்ளது என்பதையும் மரியாதையான வார்த்தையில் சொன்னேன். அவள் பாத்திரத்தை மெல்லக் கீழே வைத்தாள். மாப்பிள்ளை, "ஞான் அப்பழே பறஞ்ஞதல்லே" என்றான். பிரைட்டன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான்.

"பாட்டா, நீரு வாசிச்சது போரும். உள்ள வந்து ஒரு சாய குடியும்."

உள் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். எதிரே மேஜைமேல் ஓர் உருளி. சீட்டில் 'ராஜா காலத்து உருளி, வயது நூற்றைம்பது' என்று இருந்தது. நான் சீட்டை விட்டுவிட்டு உருளியை வாசித்தேன். த. புள்ளி. லீ. லா. பா. ய்.

மச்சான், நான் மூன்று தடவை வாசித்தேன். ஒருவேளை எனக்குத் தெரிந்த எழுத்தையே எல்லா இடத்திலும் பார்க்கிறேனோ என்று சந்தேகம் வந்து, பக்கத்தில் இருந்த சாயக் கிளாஸைப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மறுபடி உருளியைப் பார்த்தேன். லீலாபாய்தான். என் மனைவிக்கு அறுபத்தொன்பதுதான் ஆகிறது, நூற்றைம்பது இல்லை என்று பிரைட்டனிடம் சொன்னேன்.

"பைய பேசும் பாட்டா. அது அரமனைல வேல பாத்த ஒரு பெண்ணுக்க பேராக்கும்ணு வாறவங்ககிட்ட சொல்லிட்டிருக்கேன்."

"இது எனக்க பெண்ணுக்க பேராக்கும். இத உனக்கு வித்தது யாரு?"

அவன் தலையைச் சொறிந்தான். "ஆளச் சொல்லக் கூடாதுண்ணு சத்தியம் வாங்கியாச்சு. ஒரு வயசான பார்ட்டி. பாவம், நல்ல ஆளு."

வயசான பார்ட்டி என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது, மச்சான். நல்ல ஆள் என்றதில்தான் சற்று நேரம் குழம்பினேன். விளிம்பில் ஒரு சின்ன உடைவு இருந்தது. பரணில் கிடந்த தங்கள் உருளிக்கும் அதே இடத்தில் அதே போல் உடைவு உண்டு. அந்தக் காலத்து உருளிகள் எல்லாம் அப்படித்தான் போலிருக்கிறது.

பிரைட்டன் பணம் வேண்டாம் என்றான். பலகையைக் கேட்டான். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய் யோசித்தேன். அந்தப் பலகை இல்லாவிட்டால் காலையில் வாசிக்க எனக்கு வேறு என்ன இருக்கிறது? கோழிகளுக்கும் பழகிவிட்டது. பிறகு லீலாபாய் பிரீனா என்கிற இடத்தில் நிறுத்தியதை நினைத்தேன். திரும்பிப் போய் உருளியை எடுத்துக்கொண்டேன். 97இல் சுமந்த அதே தலையில்தான் சுமந்து வந்தேன். கனம் ஏறவும் இல்லை, குறையவும் இல்லை.

வீட்டு வாசலில் வைத்து, "லீலாபாய், உனக்க உருளி கிட்டிப்போச்சு. நானே வாசிச்சேன்" என்றேன். சந்தோஷத்தில் அழுவாள் என்று நினைத்தேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு, "நீரு பல்லு காட்டவா போனீரு?" என்று மட்டும் கேட்டாள். அவ்வளவு அதிர்ச்சி அவளுக்கு, சொந்த அண்ணன் இப்படிச் செய்தாரே என்று.

ஆகவே மச்சான், சொந்தக் கையால் வெட்டிய பெயரைத் தாங்களே கொண்டுபோய் விற்றதை நான் முழுமனதோடு மன்னித்துவிட்டேன். வயதான காலத்தில் என்ன முடையோ. தங்கள் உருளியை நாங்கள் விற்றோம், எங்கள் உருளியைத் தாங்கள் விற்றீர்கள், அதோடு தீர்ந்தது. கல்யாணத்துக்கு வந்தால் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். சம்பந்தக்காரர்கள் கேட்டால் மட்டும் சொல்வேன்.

பிரீனாவும் மணவாளனும் நீடித்த ஆயுளும் நிறைந்த வீடுமாக இருக்க எங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறோம். மதினிக்கு வணக்கம் சொல்லவும். தங்கள் உளிக்கும் என் வணக்கம். அவ்வளவு அழகான லீ-யை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
தானே எழுதிய,
யேசுதாசன்

பி.கு.: மேலே எழுதியதில் நலம் விசாரித்ததையும் கோழி எண்ணிக்கையையும் தவிர மற்றதெல்லாம் தப்பு. இன்று காலை பிரைட்டன் பலகையை எடுக்க வந்தான். லீலாபாய் கொல்லையில் இருந்தாள். அவன், உருளி வீட்டுக்கு வந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்து, வண்டியில் பலகையை ஏற்றிக்கொண்டே, "பாட்டா, அம்மச்சி வித்தத நீரு வாங்கியாச்சு. இனி அடுத்து யாரு விக்கப்போறது?" என்றான். நான் தேக்குக் கதவின்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஆகஸ்டில் நான் வகுப்புக்குப் போன நேரம் பார்த்து அவனை வரச்சொல்லி, "கிழவன் எழுத்து படிக்காரு, சீக்கிரம் கொண்டு போ மக்கா" என்று சொன்னாளாம். இது உங்க பேருதானே அம்மச்சி என்று அவன் கேட்டானாம். "அதாக்கும் கேடு" என்றாளாம்.

ஒரே உருளிதான், மச்சான். அன்று பந்தலில் கரியைத் துடைக்காமலே சண்டை தொடங்கிவிட்டோம். மறுநாள் துடைத்தபோது அவள் பெயர் தெரிந்தது, ஆனால் அதற்குள் உங்களை நாலு பேர் முன்னால் களவாணி என்று சொல்லியாகிவிட்டது. வாசிக்கத் தெரியாத ஒருவன் பக்கத்தில் நின்றது அவளுக்கு வசதியாகப் போயிற்று. நான் உங்களுக்குக் கொடுத்த மன்னிப்பைத் தயவுசெய்து திருப்பி அனுப்பவும். கடிதத்தைக் கிழித்து வேறு எழுதலாம்தான், ஆனால் பத்து நாள் எழுதியிருக்கிறேன். கிழிக்க மனம் வரவில்லை.

எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. மத்தியானம் இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், இப்படிக்கு என்பது வரை. உங்களை மன்னித்த இடம் வந்ததும், "அந்த வரி வேண்டாம். அண்ணன் பாவம், வெட்டிரும்" என்றாள். பேனாவில் எழுதியது, வெட்டினால் அசிங்கமாக இருக்கும் என்றேன். பிறகு, "கல்யாணத்துக்கு எந்தச் சேலை உடுக்க?" என்று கேட்டாள். இப்போது உருளியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பாயசம் வைக்கக் கொண்டுவருவாளாம்.

ஆனால் உங்கள் பதில் கடிதம் வராமல் புறப்பட மாட்டாள். ஆகையால் உடனே பதில் எழுதுங்கள். என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டாம். அவளைத் திட்டி எழுதினாலும் சரி, நியாயம்தானே. இருபத்தெட்டு வருடத்துக்கும் சேர்த்துத் திட்டுங்கள். ஐம்பது வருடம் அவள் எனக்கு வாசித்தாள். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி வரை அவளுக்கு நான்தான் வாசிப்பது.