நாலு பேருக்கு ஒரு மைக்

உலகத்தில் எத்தனையோ பேர் மலையேற்றத்துக்கு வழிகாட்டியாக இருக்கிறார்கள். நாலு பேருக்கு மைக் பிடித்து வழிகாட்டியவர் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் பக்கத்துக்காரர். நிஜப்பெயர் எனக்குத் தெரியாது. பண்பொழியில் யாரைக் கேட்டாலும், "மைக்செட்டா? இப்பத்தான் டீ குடிச்சிட்டுப் போனாரு" என்பார்கள்.

கோவில் கொடை, பள்ளிவாசல் கந்தூரி, கட்சிக் கூட்டம், காதுகுத்து என்று ஒன்று விடாமல் மைக்செட் போட்டவர். அறிவிப்பும் அவரேதான். காணாமல் போன பிள்ளை, கண்டெடுத்த சாவிக்கொத்து, வழியை மறித்து நிற்கிற வண்டி எல்லாமே அவர் குரலுக்குக் கட்டுப்பட்டவை. அவர் எப்படி மலைக்கு வழிகாட்டியானார் என்றால், அவருடைய மச்சான் குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறார். அருவியில் தண்ணீர் விழாத நாட்களில் வந்து சேர்கிறவர்கள் ரிசப்ஷனில் சண்டை பிடிப்பார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த மச்சான் ஒரு வழி கண்டுபிடித்தார். மேலே மலையில் ஒரு பழைய கோட்டைச்சுவர் கிடக்கிறது. தண்ணீர் கேட்பவர்களுக்குக் கோட்டையைக் காட்டுவது; கூட்டிப்போவது மைக்செட்டு.

அப்படி ஏமாந்து போனவர்களில் நானும் ஒருவன். எங்களுக்குக் கல்யாண நாள். தென்காசியில் குடியிருந்துகொண்டு, மனைவியைக் கல்யாண நாளுக்குக் குற்றாலம் கூட்டிப்போனேன். டவுன் பஸ் ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் வருகிற ஊர். போனால் அருவி நின்றுபோயிருந்தது. பாறை மட்டும் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் மலையடிவாரத்தில் நாங்கள் நாலு பேர். நான், என் மனைவி, சுரண்டையில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி, அவர் மனைவி. எதிரே மைக்செட்டு. வெள்ளை வேட்டி, கேன்வாஸ் ஷூ, தோளில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, கையில் வயர் வைத்த மைக். விரலால் இரண்டு தட்டுத் தட்டி ஊதினார்.

"ஹலோ, மைக் டெஸ்டிங். சுரண்டையிலிருந்து வருகை தந்திருக்கும் மருந்துக்கடை அண்ணாச்சி அவர்கள் செருப்பை மாற்றிக்கொண்டு உடனடியாக வரிசைக்கு வரும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்."

மருந்துக்கடை அண்ணாச்சி அவருக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஏம்யா, நான் இங்கனதானே நிக்கேன்?" என்றார்.

"ஒத்துழைப்புக்கு நன்றி" என்றது ஸ்பீக்கர்.

ஆரம்பத்தில் மனிதர் அலட்டிக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன். பாதி வழியில்தான் விஷயம் புரிந்தது. என் மனைவி அவர் பக்கத்தில் போய், "அண்ணாச்சி, குடிக்கத் தண்ணி எங்கன கெடைக்கும்?" என்று கேட்டாள். மனிதர் முகம் சிவந்து தரையைப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சட்டென்று பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மைக்கை எடுத்தார். "தண்ணீர் கேட்ட சகோதரிக்கு ஓர் அறிவிப்பு. ஆலமரத்துக்கு மேல்புறம் ஊற்று உள்ளது." கீழே வயலில் வேலை செய்தவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். மைக் இல்லாமல் அந்த மனிதரால் இன்னொரு மனிதரிடம் பேச முடியாது. அவ்வளவு கூச்சம். ஊர்த்திருவிழாவையே அதட்டியவர், டீக்கடையில் சர்க்கரையைக் கம்மியாகப் போடச் சொல்லமுடியாமல் இத்தனை வருஷமாகப் பாயசம் போன்ற டீயைக் குடித்துவருகிறாராம்.

கோட்டை என்றால் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். மலை முதுகின் மேல் நீளமாக ஒரு கல்சுவர். சில இடத்தில் இடுப்பளவு, சில இடத்தில் முழங்காலளவு, சில இடத்தில் நாம் சொன்னால்தான் சுவர். மருந்துக்கடை அண்ணாச்சி சுற்றிப் பார்த்துவிட்டு, "இதக் கட்டுனது எந்த ராசா?" என்றார்.

மைக்செட்டு விறைப்பாக நின்றார். "இக்கோட்டையைக் கட்டியவர் மாமன்னர் அவர்கள்."

"அதாம்யா, எந்த மாமன்னரு?"

"பெயர் கிடைக்கவில்லை. கிடைத்ததும் அறிவிக்கப்படும்."

பிறகு யாரும் கேட்காமலே நன்றியுரை வழங்கினார். கல் சுமந்த தொழிலாளத் தோழர்களுக்கும், காவல் காத்த வீரப்பெருமக்களுக்கும், இடம் கொடுத்து உதவிய மலைக்கும் நன்றி. நாங்கள் கைதட்டினோம். தட்டாமல் இருந்தால் மறுபடி சொல்லுவார் என்று தோன்றியது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு குரங்கு வந்து சுரண்டைக்காரர்களின் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. மைக்செட்டு பதறவில்லை. "சோற்றுப் பொட்டலத்தை எடுத்துச் சென்றவர்கள் அதை உரியவரிடம் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்." குரங்கு கொஞ்ச நேரம் அவரையே பார்த்தது. பிறகு ஒப்படைத்தது. வெறும் இலையை.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம், என் மனைவியைத் தவிர. "குத்தாலம்னு சொல்லிக் கூட்டியாந்து கல்லக் காட்டுதிய. என்னைக்காவது எனக்குன்னு யோசிச்சு ஒண்ணு செஞ்சிருக்கியளா?" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "உனக்கு எதக் காட்டுனாலும் மூஞ்சியத் தூக்குத" என்றேன். அவள் எழுந்து சுவர் ஓரமாகத் தனியே நடந்தாள். போகட்டும், கோபம் தணிந்தால் வருவாள் என்று நான் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் கேரளாப் பக்கமிருந்து மஞ்சு, அதாவது மலைப்பனி, இறங்கியது. வந்தது தெரியவில்லை, வந்த பிறகுதான் தெரிந்தது. எதிரே இருந்த மரம் இல்லை, சுவர் இல்லை, என் மனைவியும் இல்லை. செல்போனில் சிக்னலும் இல்லை.

"ஏட்டி!" என்று கத்தினேன்.

"என்னைய எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவாரு. நான் இங்கன நிக்கேன்" என்றார் மருந்துக்கடை அண்ணாச்சியின் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்கு 'ஏட்டி' போதுமானதாக இருந்தது. மலைக்குப் போதவில்லை.

என் காதருகே மெல்லிசாக ஒரு குரல் கேட்டது. "அங்கன சுவரு இடிஞ்சி கெடக்கு. அதுக்கங்கிட்டு பள்ளம்." யார் என்று திரும்பினால் மைக்செட்டு. மைக் இல்லாமல் அவர் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது.

அவர் மைக்கை எடுத்து ஸ்விட்சைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. காலையிலிருந்து குரங்குவரைக்கும் அறிவிப்புக் கொடுத்ததில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. பெட்டியைத் தட்டினார், குலுக்கினார், வயரைப் பிடுங்கிச் செருகினார்.

"மைக்கு கெடக்கட்டும்யா! வாயத் தொறந்து கூப்பிடும்! எங்களுக்கு அந்தத் தொண்டை இல்ல!" என்று மருந்துக்கடை அண்ணாச்சி கத்தினார்.

மைக்செட்டு வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. கண் கலங்கி என்னைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, அவ பேரு செண்பகவல்லி" என்றேன்.

அவர் செத்துப்போன மைக்கை உயர்த்தி வாய்க்கு நேரே பிடித்தார். பழக்கதோஷத்தில் விரலால் தட்டி ஒரு ஊது ஊதினார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கிளம்பிய குரலுக்குக் கரண்டே தேவைப்படவில்லை.

"தென்காசியிலிருந்து வருகை தந்திருக்கும் திருமதி செண்பகவல்லி அம்மாள் அவர்கள் எங்கிருந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கும்படி கேட்டுக்கொள்கிறோம்! தங்களைக் காணாமல் தங்கள் கணவர் இங்கே கண்ணீரோடு காத்திருக்கிறார்!"

நான் அழவில்லை. அவர் இரண்டாம் முறை அறிவித்தபோது அந்தக் கண்ணீர் உண்மையாகியிருந்தது.

மலை அந்தப் பெயரைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. கொஞ்ச நேரம் கழித்து வெள்ளைக்குள்ளிருந்து, "நான் இங்கன நிக்கேன்!" என்று ஒரு குரல் வந்தது.

அவர் ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டும் மறு கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டும் நடந்தார். "அம்மாள் அவர்கள் அசையாமல் இருக்கவும்" என்று விடாமல் அறிவித்துக்கொண்டே போனார். பின்னாலேயே நாங்கள். அவள் சுவரின் கடைசிக் கல்லை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் காலுக்கு முன்னே தரை இருக்கவில்லை.

கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "சுவரத் தடவிக்கிட்டே நடந்துட்டு இருந்தேன். 'செண்பகவல்லி அம்மாள் அவர்கள்'னு கேட்டுச்சு. யாரு நம்மள இவ்வளவு மரியாதையாக் கூப்பிடுதாங்கன்னு நின்னுட்டேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "அழுதியளா?" என்றாள்.

"பனி" என்றேன்.

"செண்பகம்னு கூப்பிட்டா வாயி வெந்தா போவும்?" என்றாள். நான் கூப்பிட்டேன். மருந்துக்கடை அண்ணாச்சி நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மைக்செட்டு சுவர் மேல் உட்கார்ந்து குளிர்காய்ச்சல் கண்டவர் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தார். மஞ்சு விலகிய பிறகு எங்களை இறக்கிக் கூட்டிவந்தார். வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. அடிவாரத்தில் என் மனைவி அவர் முன்னால் நின்று, "அண்ணாச்சி, நீங்க இல்லன்னா நான் இல்ல" என்றாள். அவர் தரையைப் பார்த்தார். கும்பிட்டார். விறுவிறுவென்று நடந்து வளைவில் மறைந்துவிட்டார்.

அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் பலமுறை அந்த மலைக்குப் போய்வந்துவிட்டோம். கோட்டை எப்படி இருக்கிறது என்று என் ஆபீசில் கேட்கிறார்கள். கோட்டைக்கு என்ன, அது பாட்டுக்கு இடிந்து கிடக்கிறது. மைக்செட்டு நன்றாக இருக்கிறார்.