நஸீர் பார்த்த உழவு மெசின்

சாவியைத் திருகினால் மெசின் ஒரு முனகல்கூட விடவில்லை.

நஸீருக்கு வேர்த்தது. வீட்டில் பத்து மூட்டை விதைநெல் முளைகட்டிக் கிடக்கிறது. இன்றைக்கு உழுது நாளைக்கு விதைக்காவிட்டால் அத்தனையும் கோழிக்குத்தான். டிரைவர் தங்கராசாவோ காலையிலிருந்து போனை எடுக்கவில்லை. மனைவி ஹப்ஸாவோடு பைக்கில் வவுணதீவு வயல்வட்டைக்கு வந்தால், தன் வயலுக்குப் போகும் வழியில் மருதமரத்தடியில் மெசின் சாவியோடு தனியாக நிற்கிறது.

"எங்கயோ படுத்துக் கிடக்கான் போல. நான் பாக்கன்," என்றார் நஸீர்.

கட்டாரில் பதினொரு வருடம் ஏசி பூட்டியவர். மெசின் வாங்கக் காசு அனுப்பியதோடு சரி, நேரில் பார்ப்பது இன்றைக்குத்தான். வாட்ஸ்அப் படத்தில் நீலமாக இருந்தது, இதுவும் நீலம். அதற்குமேல் என்ன தெரிய வேண்டும்?

"இஞ்சாருங்க, மெக்கானிக் ஒராளக் கூப்பிடுவமா?"

"என்னை விடவா?"

பியூசைக் கழற்றி ஈயத்தாள் சுற்றிப் போட்டார். ஹோன் அடித்தது. நிற்கவேயில்லை. கொக்கெல்லாம் களப்புப் பக்கம் பறந்துவிட்டன.

"பாத்தியா, கரண்ட் வருது."

ஹோனை நிறுத்த ஒரு வயரை வெட்டினார். ஹோன் நின்று ஹெட்லைட் எரிந்தது, பட்டப்பகலில். அதை அணைக்க இரண்டு வயரை முறுக்கினார். புகை வந்தது.

"புகையுது," என்றாள் ஹப்ஸா.

"ஸ்டார்ட் ஆகப்போகுது."

"சீற்றுக்குக் கீழயா ஸ்டார்ட் ஆகும்?"

"கதைக்காமத் தண்ணியத் தா புள்ள."

கரண்டில் தண்ணீர் படக்கூடாது என்று பதினொரு வருடம் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவர், போத்தலோடு கவிழ்த்தார். பட்டென்று ஒரு சத்தம். லைட்டும் போனது, வயரெல்லாம் உருகிப்போனது.

நஸீர் வரம்பில் குந்திவிட்டார். "சொந்த வயல்ல ஒரு தரம் விதைக்கத்தானே வந்தன். எல்லாம் போச்சு," என்றார். ஹப்ஸாவுக்கே பாவமாக இருந்தது.

பக்கத்து வயல்காரி கண்ணகை சாப்பிட்ட கையைத் துடைத்தபடி வந்தாள். மெசினைப் பார்த்தாள், நஸீரைப் பார்த்தாள்.

"தங்கராசாட முதலாளி நீங்கதானே?"

"ஓம்."

மடியிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்தாள்.

"சாவி இறுகிட்டு, கழராது. கள்ளன் கொண்டுபோயிடுவானெண்டு இந்த வயரக் கழட்டிட்டுத்தான் சோறு தின்னப் போனன். உங்கட மெசின் அங்கால உங்கட வயல உழுது முடிச்சிட்டு நிக்கிது தம்பி."