சந்து விடாமல் பூசிய கல்லறை

பூச்சில் சந்து தெரிந்தால் எனக்குச் சோறு இறங்காது. இது ஒரு குறை என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூணாங்கிளாஸ் தாண்டாதவன், மண்சட்டி சுமந்து மேஸ்திரியாகி, முண்டியம்பாக்கத்திலிருந்து பெருமுக்கல் வரைக்கும் வீடு கட்டியிருக்கிறேன் என்றால் இந்தக் குணத்தால்தான். (ஒண்ணாவது ஒழுகுதான்னு போய்க் கேட்டுப் பாருங்க.) ஆனால் இதே குணம் ஓர் ஈஸ்டரில் சபை முழுக்கப் பார்க்க என்னை வேர்க்க வைத்தது. நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கூட்டிச் சொல்லுவார்கள்.

திண்டிவனத்தில் எங்கள் லுத்தரன் சபையில், பெரிய வெள்ளிக்குப் பலிபீடத்தில் போட்ட கறுப்புத் துணியை ஈஸ்டர் விடியலில் எடுத்துவிட்டு வெள்ளை விரிப்போம். அந்த வருஷம் கமிட்டியில் நான் எழுந்தேன். பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஆண்டவர் கல்லறை மாதிரி ஒன்று செய்யலாம், வெள்ளை விரிப்பை உள்ளே வைத்து, கல்லைப் புரட்டி எடுக்கலாம் என்றேன்.

செயலாளர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “தெர்மாகோல் போதும் மேஸ்திரி. கல்லு கில்லுன்னு போனா அதுக்குப் படிச்சவன் பிளான் போடணும்.”

“ஆண்டவரை இன்னா பர்த்டே கேக்குலயா சார் அடக்கம் பண்ணாங்க? நான் கட்டறேன். கல்லு புரளலன்னா இந்தக் கமிட்டியிலயே உக்கார மாட்டேன்!”

சனிக்கிழமை சாயங்காலம் கம்பி, கோழிவலை, சிமெண்டு என்று வேலை முடிந்தது. வட்டக் கல்லை ஒரு விரலால் தள்ளினேன், உருண்டது. இருந்த ஒரே வெள்ளை விரிப்பை உள்ளே வைத்து மூடினேன். வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தால், கல்லைச் சுற்றி அரை இஞ்ச் சந்து! கலவை வேறு மிச்சம் இருந்தது. கை சும்மா இருக்குமா? சுற்றிலும் அடைத்து, கரணையால் இழைத்து, தண்ணியும் தெளித்துவிட்டுத்தான் போனேன். அது உருள வேண்டிய கல் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

விடியக்காலை. எல்லாரும் வெள்ளை உடுப்பில். போதகர் கைகாட்ட, பெண்கள் சங்கத் தலைவியான என் மனைவி எஸ்தர் இரண்டு பேரோடு போய்த் தள்ளினாள். அசையவில்லை.

“நல்லா தள்ளு மேரி.”

“தள்ளிக்கினுதான்க்கா இருக்கேன்!”

நான் ஓடிப்போய்த் தோள் கொடுத்தேன். என் புதுச் சட்டைதான் கிழிந்தது. பாடகர் குழு முதல் சரணத்தை மூணாம் தடவையாகப் பாடிக்கொண்டிருந்தது.

“இன்னாய்யா பண்ணி வெச்ச?” என்றாள் எஸ்தர்.

“சந்து இருந்திச்சி... லேசா...”

“பூசிட்டியா!” மைக் பக்கத்தில் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஹெட்மாஸ்டர் எழுந்தார். “மேஸ்திரி, அன்னிக்கி ஆண்டவர் கல்லறையில நீ வேலை செஞ்சிருந்தா, கல்லைப் புரட்ட வந்த தேவதூதனே கடப்பாறை கேட்டிருப்பான்.”

போதகரே புஸ்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். எஸ்தர் விடுவிடுவென்று வெளியே போய், என் வண்டியிலிருந்த கடப்பாறையோடு வந்தாள். மூணு குத்துக்கு ஒரு பொறுக்கு உதிர்ந்தது. நாலாவது குத்தில் கல் விட்டது. உருண்டு, படி இறங்கி, ஹெட்மாஸ்டர் காலடியில் போய் நின்றது. சிமெண்டுத் தூசியைத் தட்டி வெள்ளையை விரித்தார்கள். மணி அடித்தது.

கமிட்டியை விட்டுப் போனேனா? ஏன் போகணும்? கல்லு புரண்டதா இல்லையா? எவன் பூச்சு மூணு குத்து தாங்கும்?

இன்றைக்கும் அதே நாற்காலியில்தான் உட்காருகிறேன். ஆனால் ஈஸ்டர் வேலையைப் பிரிக்கும்போது எனக்குச் சம்பங்கிப் பூ வாங்கி வருவது மட்டும்தான். அதையும் உதிரியாகத்தான் வாங்கி வரணுமாம்.

“நீ மாலை கட்டினா அம்பது நாள் கழிச்சி பெந்தெகொஸ்தே வந்தாலும் அவுக்க முடியாது” என்கிறாள் எஸ்தர்.