எலி சாரின் சம்மதம்

"அந்த எலி தண்ணியே குடிக்காதா மாப்ளே?"

மச்சான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தே விட்டார். டயாலிசிஸ் முடிந்து வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிற மனிதர். எலி சாருக்கு உற்சாகம் பொங்கியது. பாலைவன எலிகளின் சிறுநீரக மரபணுக்களை ஆராய்வது அவர் உத்தியோகம். பட்டப்பெயரும் ஆய்வகத்தில் வைத்ததுதான். குடும்பத்தில் யாரும் அந்த எலிகளை இதுவரை விசாரித்ததில்லை.

"ஒரு சொட்டு குடிக்காது மச்சான். தின்கிற விதையிலிருந்தே உடம்பு தண்ணி தயார் பண்ணிக்கும். அதோட கிட்னி மகா கஞ்சன். உப்பை மட்டும் வெளிய தள்ளிட்டு, தண்ணியை ஒட்ட வழிச்சு உள்ள வாங்கிக்கும்."

"அதை எனக்கு வச்சுவிட முடியாதா?"

"மொச்சைக்கொட்டை அளவுகூட இருக்காதே."

"அப்போ ஒட்டகம்? சைசுக்குக் குறைச்சல் இல்லை."

"மிருகத்தோடதை உடம்பு ஏத்துக்காது. மனுஷனோடது வேணும். ரத்த வகை ஒத்துப்போகணும்…"

"உங்களுக்கு என்ன வகை?" மச்சான் சும்மாதான் கேட்டார்.

எலி சார் வாயை மூடிக்கொண்டார். தவளைதான் தன் வாயால் கெடும் என்று நினைத்திருந்தார்.

"ஓ பாசிட்டிவ்ணா," என்றாள் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி. "யாருக்கு வேணா குடுக்கலாம்."

அவளுக்குச் சர்க்கரை, மச்சானின் மனைவிக்கு ரத்தக்கொதிப்பு. இருவரையும் டாக்டர் ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் மனைவி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சமாளித்திருப்பார். கேட்காததால் அவராகவே உளறினார்.

"எனக்குக் கிட்னியில கல் இருக்கும்னு நினைக்கிறேன். இடுப்புல அப்பப்போ சுருக்குங்குது."

மறுநாளே அவர் தட்டிலிருந்து உப்பு காணாமல் போனது. அறைக்கு அறை தண்ணீர் பாட்டில் பின்தொடர்ந்தது.

"கல் கரையட்டுங்க," என்றாள் மனைவி. "கரைஞ்சதும் டாக்டரைப் பாப்போம்."

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். இவர் வயிற்றில் போயிற்று. தாங்க முடியாமல் அடுத்த சாக்கைத் தேடினார்.

"அதுக்கெல்லாம் இள ரத்தம் வேணும்டி. எனக்கு வயசாயிடுச்சே."

மாலையில் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். போன வருஷம்தான் தன் மகளுக்குக் கிட்னி கொடுத்தவர்.

"நான் உங்களைவிடப் பெரியவன் சார். இப்போ பாருங்க!" என்று சொல்லி, எலி சாரின் பீரோவைத் தனி ஆளாக நகர்த்திக் காட்டிவிட்டுப் போனார். பீரோ ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. பழைய இடத்துக்குத் தள்ள எலி சாரால் முடியவில்லை.

கடைசிப் புகலிடம் ஆய்வக இயக்குநர்.

"சார், கிட்னி கொடுக்கணும்னு நான் லீவு கேட்டா தயவுசெஞ்சு மறுத்துடுங்க," என்று கெஞ்சினார்.

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு பெரிய மனசு! எங்கே ஆராய்ச்சி நின்னுடுமோன்னு கவலைப்படுறீங்க, இல்லையா?" அங்கேயே எல்லோரையும் கூப்பிட்டு அறிவித்தார். கைதட்டல் அடங்குவதற்குள் மச்சானுக்கே போனில் வாழ்த்து போய்விட்டது.

இனி மறைத்துப் பயனில்லை. 'என்னால முடியாது' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது என்று அங்கிருந்தே மச்சான் வீட்டுக்குப் போனார்.

மச்சான் அடுப்படியில், குளிர்பெட்டியின் கதவைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றார். வாயில் ஒரு ஐஸ் துண்டு. சத்தம் கேட்டதும் திருட்டு முழி முழித்தார்.

"தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க. டாக்டர் ஒரு நாளைக்குச் சொன்ன அளவுத் தண்ணி காலையிலேயே தீர்ந்துபோச்சு."



"போன் வந்துச்சு மாப்ளே," என்றார் மச்சான். "நீங்க பயப்படுறது எனக்குத் தெரியும். நானே வேண்டாம்னுட்டேன்னு சொல்லிடுறேன். உங்க மேல பழி வராது." பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, "ஆமா, அந்த எலி இந்த வித்தையை எப்படிக் கத்துக்கிச்சு?" என்றார்.

"கத்துக்கல மச்சான். ஏதோ சில எலிக்கு மரபணு கொஞ்சம் மாறியிருந்துச்சு. கொஞ்சத் தண்ணியிலேயே தாக்குப்பிடிச்சுது, குட்டி போட்டுச்சு. மத்ததெல்லாம் தாகத்துல செத்துப்போச்சு. இப்படியே லட்சக்கணக்கான வருஷம்…"

நிறுத்திக்கொண்டார். எத்தனையோ கூட்டங்களில் தடங்கலின்றிச் சொன்ன வாக்கியம். பிழைத்த எலிகளைப் பற்றியே இத்தனை காலம் பேசிவந்தார். மற்ற எலிகளை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அதில் ஒன்று இப்போது எதிரில் நின்று, கரைந்த ஐஸைக் கவனமாக விழுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு லட்சம் வருஷம் அவகாசமில்லை.

"நான் குடுக்கறேன் மச்சான்," என்றார். "யாரும் சொல்லி இல்லை. நானாத்தான்."

மச்சான் குளிர்பெட்டிக் கதவை விட்டார். எலி சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஐஸ் பட்ட கை சில்லென்றிருந்தது.

அந்த வாரமே ஸ்கேன். திரைக்கு வெளியே மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருந்தது. உள்ளே டாக்டரம்மா கருவியை அவர் வயிற்றில் இடதுபக்கம் உருட்டினார், வலதுபக்கம் உருட்டினார், மறுபடி இடதுபக்கம் வந்தார்.

"சீக்கிரம் பாருங்கம்மா," என்று சிரித்தார் எலி சார். "நான் மறுபடி ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிடுவேனோன்னு வெளிய எல்லாரும் பயந்துட்டு இருக்காங்க."

டாக்டரம்மா ஸ்கேன் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"நல்லா பெருசா, ரொம்ப ஆரோக்கியமா இருக்கு சார்… ஆனா பிறந்ததிலிருந்தே உங்களுக்கு இருக்கறது இந்த ஒண்ணுதான்!"