கோ அமெரிக்கா தோற்ற தேர்தல்

அமெரிக்காவை உண்டாக்கியவர்களே எழுந்து வந்தாலும் எங்கள் கோ அமெரிக்காவிடம் கேட்டுத்தான் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். மனிதர் நகரத்து எல்லையில் உள்ள தன்லியின் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி எங்கும் போனதில்லை. பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி வெற்றிலைக் கடை. அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. மரியாதைக்கு ஒரு பர்மிய 'கோ', மீதிக்கு ஒரு தேசம்.

வாடிக்கையாளர் வெற்றிலையை வாயில் அடக்கிய பிறகுதான் பேச்சைத் தொடங்குவார். எதிர்வாதம் வராது, வந்தால் சட்டை நாசம். ஆரம்பத்தில் அமெரிக்காவில் சொத்துள்ளவனுக்கே ஓட்டு. பிறகு அந்தக் கதவு உடைந்தது. புது ஜனாதிபதி பதவியேற்ற அன்று ஏழைச் சனம் சேற்றுக் காலோடு மாளிகைக்குள் புகுந்து பட்டு நாற்காலிமேல் ஏறி நின்றது என்பார். சொல்லும்போதே தன் கைலியில் இல்லாத சேற்றைத் தட்டிவிடுவார்.

எங்கள் கோயிலிலும் அப்படியொரு கதவு. தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கை தூக்குவது சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும். வாடகைக்காரர்கள் தேர் இழுக்கலாம், கை தூக்கக் கூடாது. கோ அமெரிக்கா வெற்றிலை மடித்து மடித்தே ஊரைத் திருப்பினார். கமிட்டி இறங்கி வந்து வாடகைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டது. அடுத்த தலைவர் அவர்தான் என்றும் ஆகிவிட்டது.

இனி எல்லாருக்கும் ஓட்டு என்று அவர் கடையில் முழங்கியபோது, பாக்கு வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி மா கின் நிமிராமல் கேட்டார். பர்மியப் பெண், கல்யாணத்துக்குப் பிறகு பழகிய தமிழ்.

"உங்க அமெரிக்கால அப்ப பொம்பளைக்கு ஓட்டு இருந்துச்சா?"

"அது... அப்ப இல்ல."

"கறுப்பு ஆளுங்களுக்கு?"

"சில ஊர்ல இருந்துச்சு. ஏழை வெள்ளைக்காரனுக்குக் குடுத்த கையோட இவங்ககிட்டேருந்து புடுங்கிட்டாங்க."

"மொதல்லேர்ந்தே அந்த மண்ணுல இருந்தவங்களுக்கு?"

"அவங்கள வெரட்டிட்டாங்க."

"அப்ப எல்லாரும்னா யாரு, கோ? அன்னதானத்துக்கு வருஷா வருஷம் ஆக்கிப் போடுறேனே, நான் அதுல சேத்தியா?"

என் வாயில் வெற்றிலை. அவரைக் காப்பாற்ற வழியில்லை.

தேர்தலன்று, சும்மா உட்கார்ந்திருந்தாலே ஜெயித்திருக்க வேண்டியவர் எழுந்தார். பெண்களும் கை தூக்கட்டும், இல்லையென்றால் இது பாதித் தேர்தல் என்றார். முதலில் கத்தியது வீட்டுக்காரர்கள் இல்லை, அவர் உள்ளே கூட்டி வந்த வாடகைக்காரர்கள். நாமே இப்போதுதான் நுழைந்தோம், அதற்குள் இடத்தை நெருக்குகிறாயே என்று சண்டை. பேச்சை வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்சினோம். மாட்டேன் என்றார்.

கை எண்ணினார்கள். அவருக்கு என் கையும் இன்னும் நாலைந்தும். தோற்றார். அப்போது தூண்களுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் கறை படிந்த பெண் கைகள் ஒவ்வொன்றாய் எழுந்தன. மா கின் கை எல்லாவற்றுக்கும் மேலே, அன்னதானக் கரண்டியோடு. யாரும் எண்ணவில்லை. கோ அமெரிக்கா மட்டும் அந்தப் பக்கம் திரும்பி, ஜெயித்தவரைப் போல ஒரு கும்பிடு போட்டார்.

அதன்பிறகு எத்தனையோ பேர் ஜெயிக்கக் கை தூக்கியிருக்கிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்வது அந்தத் தோல்வியை மட்டும்தான்.