நூற்றெட்டு மூலக்கூறுகளுக்கு ஒரு கம்பளி

1983 நவம்பர் 14, திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, நூற்றெட்டு மூலக்கூறுகளை எழுபது டிகிரிக்குச் சூடாக்க அனுமதி கோரி, மதுரையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கோச்சடை ஹாலாஸ்யம் மனுக் கொடுத்தார்.

அவை திரவப் படிகத்தின் மூலக்கூறுகள். கைக்கடிகாரத்தில் எண் காட்டுகிற சரக்கு. சூடு குறைவாக இருந்தால் எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்கும். ஏறினால், மண்ணெண்ணெய் தீர்ந்தது என்று கேட்ட ரேஷன் வரிசைபோலக் கலைந்துவிடும். எந்தச் சூட்டில் கலைகிறது என்று கணிப்பொறிக்குள் கணக்காகப் போட்டுப் பார்ப்பது ஹாலாஸ்யத்தின் ஆய்வு. டிசம்பருக்குள் முடிக்காவிட்டால் டாக்டர் பட்டமும் இல்லை, அதை நம்பிக் கொடுத்திருந்த வேலையும் இல்லை.

நிர்வாக அதிகாரி அனந்தராமன் மனுவை நிதானமாகப் படித்தார்.

"எழுபதா? மிஷின் ரூம் இருபதைத் தாண்டக் கூடாதுன்னு விதி இருக்கே, ஓய்."

"சூடு ரூமுக்கு இல்லை சார். கணக்குக்குள்ளே."

"கணக்கு எங்கே இருக்கு?"

"மிஷினுக்குள்ளே."

"மிஷின்?"

"ரூமுக்குள்ளே."

"அப்புறம்?" என்றார் அனந்தராமன்.

தர்க்கத்தில் ஓட்டை இல்லாததால் மனு, நிலையத்தின் தீத்தடுப்புக் குழுவுக்குப் போனது. குழு மிஷினைத் தொட்டுப் பார்த்து, தற்சமயம் ஜில்லென்று இருப்பதாகப் பதிவுசெய்து, மணல் வாளிகளுக்குப் பரிந்துரைத்தது. வாளி வந்தது, மணல் வரவில்லை. வைகை நெடுக மணல் கிடந்தது. ஆனால் அது டெண்டர் விடாத மணல்.

டிசம்பர் பாதி போய்விட்டது. ஹாலாஸ்யம் யோசித்தார். புரோகிராமுக்குள் வெப்பத்தை டிகிரியில் போடுவதில்லை, சுருக்கிப் போடுவார்கள். அங்கே எழுபது என்பது வெறும் ஒன்று புள்ளி ஒன்று. அதையே எழுதிப் புது மனுக் கொடுத்தார்.

அனந்தராமன் முகம் மலர்ந்தது, உடனே வாடியது.

"இப்படிக் குளிர்ந்தா ஆபரேட்டர் என்னத்துக்கு ஆவான்? கம்பளி உண்டா?"

ஹாலாஸ்யம் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். இன்னும் மணல் வராத வாளி கண்ணில் பட்டது.

"வீட்லேர்ந்து கொண்டுவரேன் சார்."

மறுநாள் ஆபரேட்டர் கருத்தக்கண்ணன் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான்.

"கம்பளி கடிக்குது சார். எம்புட்டு நேரம் இப்படியே?"

"மூலக்கூறு கலையற வரைக்கும்."

அவை ஒழுங்காகக் கலைந்தன. பட்டம் வந்தது.

1988 மே 16 அன்று டாக்டர் ஹாலாஸ்யம் அதே நிலையத்தின் நிர்வாக அதிகாரியாகப் பொறுப்பேற்றார். கணிப்பொறிக்குள் தண்ணீரைக் கொதிக்கவைக்க அனுமதி கேட்டு ஸ்யாமளா என்ற மாணவி கொடுத்திருந்த மனுவை, "ஆவி வெளியேற ஜன்னல் உண்டா?" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.